அணுகுண்டுக் கணக்கில் குண்டின் பங்கு 7 சதவீதம்

அணு ஆயுதத்துக்காக அமெரிக்கா மொத்தம் எவ்வளவு செலவழித்திருக்கிறது? பல பத்தாண்டுகளாக இந்தக் கேள்விக்கு அமெரிக்க அரசிடமே ஒரு கூட்டுத்தொகை கிடையாது. ஒவ்வொரு துறையும் தன் பங்கைத் தன் கணக்கில் எழுதிவைத்ததோடு சரி. வாஷிங்டனில் உள்ள புரூக்கிங்ஸ் ஆய்வு நிறுவனத்துக்காக ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து, சிதறிக் கிடந்த கணக்குகளைத் தோண்டியெடுத்து, 1998-இல் கூட்டிப் போட்டது. 1940 முதல் 1996 வரை ஆன செலவும், அதற்குள் சேர்ந்துவிட்ட கழிவை இனி அகற்ற ஆகப்போகும் செலவும் சேர்த்து 5.8 லட்சம் கோடி டாலர். அதுவும் 1996-ஆம் ஆண்டு விலைவாசியில்.

தொகையைவிட அது எப்படிப் பிரிந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. குண்டுகளைத் தயாரிக்க ஆனது 40,900 கோடி டாலர், அதாவது 7 சதவீதம். ஏவுகணை, விமானம், நீர்மூழ்கி என்று அந்தக் குண்டுகளைச் சுமந்து தயாராக நிற்பவற்றுக்கு 3.24 லட்சம் கோடி, 56 சதவீதம். எங்கே குறிவைப்பது, யார் உத்தரவிடுவது, அந்த உத்தரவு எப்படிப் போய்ச் சேர்வது என்ற ஏற்பாடுகளுக்கு 83,100 கோடி. எதிரியின் குண்டிலிருந்து தற்காத்துக்கொள்ளும் முயற்சிகளுக்கு 93,700 கோடி. கழிவுக்கு 36,500 கோடி. எல்லாவற்றையும் ரகசியமாக வைத்திருக்க 310 கோடி. குண்டுத் தயாரிப்பாலும் சோதனைகளாலும் உடல்நலம் கெட்ட மக்களுக்கு 210 கோடி. பாதிக்கப்பட்டவர்களைவிட ரகசியத்துக்கு அதிகம் செலவாகியிருக்கிறது.

ஆக, குண்டு மலிவு. அதைச் சுற்றி இருப்பவைதான் விலை. சேதத்தின் கதையும் ஏறக்குறைய இப்படித்தான். வெடிக்கும் அந்த நொடியும் காளான் மேகமும் நம் கற்பனையை முழுதாகப் பிடித்துக்கொள்கின்றன. தீ, கதிர்வீச்சு, மருத்துவமனை இல்லாத நகரம், விளைச்சல் இல்லாத வயல் என்று பின்னால் வருபவை கண்ணில் படுவதில்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 'அணு ஆயுதம் இருந்தால் பாதுகாப்புச் செலவு குறையும்' என்ற பழைய வாதம் ஏன் பலிக்கவில்லை என்பது விளங்கும்.

வெளிச்சம், காற்று, தீ

1945 ஆகஸ்ட் 6, காலை 8.15. ஹிரோஷிமா மீது போடப்பட்ட குண்டில் சுமார் 64 கிலோ யுரேனியம் இருந்தது. அதில் பிளவுபட்டது ஒரு கிலோவுக்கும் குறைவு. அந்தப் பிளவில் ஆற்றலாக மாறிய நிறை ஒரு கிராமைக்கூட எட்டவில்லை. அது வெளிவிட்ட ஆற்றல் சுமார் 15,000 டன் டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமம். ஒரு நியூட்ரான் ஒரு அணுக்கருவை உடைக்க, அதிலிருந்து தெறிக்கும் இரண்டு மூன்று நியூட்ரான்கள் அடுத்தவற்றை உடைக்க, இந்தச் சங்கிலி முழுவதும் நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குள் முடிந்துவிடுகிறது. குண்டு தன்னைத்தானே சிதறடித்துக்கொள்வதால்தான் மீதி யுரேனியம் பிளவுபடாமல் தப்பியது.

அந்த ஆற்றல் எங்கே போகிறது? காற்றில் வெடிக்கும் குண்டில் ஏறக்குறைய பாதி அதிர்வலையாக, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக வெப்பமாக, மீதி 15 சதவீதம் கதிர்வீச்சாக. முதலில் வருவது வெளிச்சம். ஹிரோஷிமாவில் குண்டுக்கு நேர் கீழே தரையின் வெப்பம் 3,000 முதல் 4,000 டிகிரி செல்சியஸ் வரை போனதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஓட்டுக் கூரைகளின் மேற்பரப்பு உருகிக் கொப்பளித்தது. மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தவர்களுக்கும் தோல் வெந்தது. கருநிறம் வெப்பத்தை அதிகம் உறிஞ்சும் என்பதால், கிமோனோ அணிந்திருந்த சில பெண்களின் உடலில் துணியின் கருநிறப் பூ வேலைப்பாடு அப்படியே தழும்பாகப் பதிந்தது.

அதிர்வலை ஒலியின் வேகத்தை ஒட்டித்தான் வரும். ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு வெளிச்சத்துக்கும் அதிர்வுக்கும் இடையே பத்து நொடிக்கு மேல் கிடைக்கும். அந்த இடைவெளியில் மனிதர்கள் இயல்பாகச் செய்வது ஒன்றுதான்: என்ன அது என்று பார்க்க ஜன்னலுக்குப் போவார்கள். 2013 பிப்ரவரி 15-இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே ஒரு விண்கல் வெடித்தபோது இதுதான் நடந்தது. அணு ஆயுதம் ஏதுமில்லை, கதிர்வீச்சு இல்லை. ஆனாலும் சுமார் 1,500 பேர் காயமடைந்தார்கள், பெரும்பாலோர் உடைந்த கண்ணாடியால். கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் தெரிந்தால் ஜன்னலை விட்டு விலகித் தரையில் குப்புறப் படுக்க வேண்டும் என்று பனிப்போர்க் காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததைப் பின்னாளில் பலர் கேலி செய்தார்கள். அருகில் இருப்பவருக்கு அது பயன்படாது. தொலைவில் இருப்பவருக்கு நிச்சயம் பயன்படும்.

குண்டை ஏன் தரையில் வெடிக்கவிடாமல் 600 மீட்டர் உயரத்தில் வெடிக்கவைத்தார்கள்? மேலிருந்து வரும் அலையும் தரையில் பட்டுத் திரும்பும் அலையும் சேர்ந்து ஒரே வலுவான சுவராகப் பக்கவாட்டில் நகரும். சாதாரண வீடுகளை இடிக்க அதுவே போதும், அதிகப் பரப்பும் அகப்படும். இந்த உயரத்தால்தான் குண்டுக்கு ஏறக்குறைய நேர் கீழே, வெறும் 160 மீட்டர் தள்ளி இருந்த தொழில் காட்சிக் கட்டடம் முழுதாக விழவில்லை. அடி மேலிருந்து நேராக இறங்கியதால் சுவர்கள் பல தாங்கின. இன்று உலகமே அறிந்த அந்த எலும்புக்கூட்டுக் குவிமாடம் அதுதான்.

பிறகு தீ. கவிழ்ந்த அடுப்புகள், அறுந்த மின்கம்பிகள், வெப்பத்தில் நேரடியாகப் பற்றிய மரவீடுகள். தனித்தனியாகப் பிடித்த தீ அரை மணி நேரத்துக்குள் ஒன்றுசேர்ந்து, சூடான காற்று மேலே எழ, நாலா பக்கமிருந்தும் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு தீப்புயலாக மாறியது. சுமார் 11 சதுர கிலோமீட்டர் எரிந்து போனது. மூன்று நாள் கழித்து நாகசாகியில் போட்ட புளூட்டோனியக் குண்டு இன்னும் வலுவானது, ஏறக்குறைய 21,000 டன். ஆனால் அங்கே குன்றுகள் நடுவில் நின்றன. உரகாமிப் பள்ளத்தாக்கு அழிந்தது, குன்றுக்கு அந்தப் பக்கம் இருந்த நகரம் பெரிதும் தப்பியது. தீப்புயலும் எழவில்லை. 1945 முடிவதற்குள் ஹிரோஷிமாவில் இறந்தவர்கள் சுமார் 1,40,000 பேர், நாகசாகியில் சுமார் 74,000. அன்று விமானம் முதலில் போனது கோகுரா என்ற இன்னொரு நகருக்கு. இலக்கு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அங்கே வானம் மூடியிருந்ததால் நாகசாகிக்குத் திரும்பியது.

குண்டு பெரிதானால் சேதமும் அதே அளவு பெருகும் என்று நினைக்கத் தோன்றும். அப்படியில்லை. அதிர்வலையின் எல்லை ஆற்றலின் கனமூலத்தை ஒட்டித்தான் விரியும். ஆயிரம் மடங்கு ஆற்றல் என்றால் பத்து மடங்கு தூரம், அவ்வளவே. சோவியத் யூனியன் 1961 அக்டோபர் 30-இல் நோவயா செம்லியா தீவில் வெடித்துக் காட்டிய 50 மெகா டன் (5 கோடி டன் டி.என்.டி.க்குச் சமமான) குண்டு ஹிரோஷிமாவைப் போல 3,000 மடங்குக்கும் மேல். அதன் அதிர்வு எல்லை பதினைந்து மடங்குதான். ராணுவங்கள் இந்தக் கணக்கைச் சீக்கிரமே புரிந்துகொண்டன. ஒரு பிரம்மாண்டக் குண்டைவிட அதே எடையில் பல நடுத்தரக் குண்டுகளைப் பரப்பிப் போட்டால் அதிக நிலம் அழியும். இன்றைய ஏவுகணைகள் பலவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட குண்டுகள் இருப்பதற்கும், அவை மெகா டன்களை விட்டு நூறு, இருநூறு, நானூறு கிலோ டன் (ஒரு கிலோ டன் என்பது ஆயிரம் டன்) அளவுக்கு இறங்கியதற்கும் இது ஒரு காரணம். ஆயுதம் சிறுத்தது கருணையால் அல்ல.

ஹிரோஷிமாவில் இன்று எப்படி வாழ்கிறார்கள்?

நிறையப் பேர் கேட்கும் கேள்வி இது. செர்னோபில்லைச் சுற்றி இன்னும் தடை வளையம் இருக்கிறது, ஹிரோஷிமாவில் லட்சக்கணக்கானோர் குடியிருக்கிறார்கள். குண்டு அல்லவா மோசமாக இருந்திருக்க வேண்டும்?

இரண்டு விஷயங்கள். ஒன்று, அளவு. ஹிரோஷிமாவில் பிளவுபட்டது ஒரு கிலோவுக்குள். செர்னோபில் உலையில் பல மாதம் எரிந்த யுரேனியம் சுமார் 190 டன் இருந்தது. அதில் சில டன்கள் வெளியே வந்தன, பத்து நாள் எரிந்து புகையாகப் பரவின. இரண்டு, உயரம். 600 மீட்டரில் வெடித்ததால் தீப்பந்து தரையைத் தொடவில்லை, மண்ணை அள்ளவில்லை. பிளவுப் பொருட்களில் பெரும்பகுதி நுண்துகளாக மேலே போய்ப் பரந்து கலைந்தது. கொஞ்சம் கருப்பு மழையாக இறங்கியது, நியூட்ரான்கள் பட்ட மண்ணும் இரும்பும் கொஞ்ச நாள் கதிர்வீசின. அது வேகமாகத் தணிந்தது. குண்டு விழுந்த மூன்றாம் நாளே நகரில் ஒரு தடத்தில் டிராம் ஓடத் தொடங்கியது.

அதே குண்டு தரையில் வெடித்தால் கதை வேறு. ஆயிரக்கணக்கான டன் மண் ஆவியாகி, பிளவுப் பொருட்களோடு ஒட்டி, கனமான தூசியாகச் சில மணி நேரத்தில் காற்று போகும் பக்கம் இறங்கும். இதை உலகம் கண்கூடாகப் பார்த்தது 1954 மார்ச் 1-இல், பசிபிக் கடலின் பிக்கினி பவளத் தீவில். அமெரிக்காவின் அந்த ஹைட்ரஜன் குண்டு 6 மெகா டன் அளவில் வெடிக்கும் என்று எதிர்பார்த்தார்கள். 15 மெகா டன் வெடித்தது. எரிபொருளில் இருந்த லித்தியம்-7 சும்மா இருக்கும் என்று நினைத்தார்கள், அது வினையில் சேர்ந்துகொண்டது. நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் அப்பால் ரோங்கலாப் தீவில் வெள்ளைத் தூசி விழுந்தது. என்னவென்று தெரியாமல் குழந்தைகள் அதில் விளையாடினார்கள். மூன்றாம் நாள்தான் மக்களை அங்கிருந்து அகற்றினார்கள். அறிவிக்கப்பட்ட ஆபத்து எல்லைக்கு வெளியே மீன்பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகு ஒன்றின் 23 பேர் மீதும் தூசி படிந்தது. அவர்களில் படகின் வானொலிக் கருவியை இயக்கிய குபோயாமா ஐகிச்சி அதே ஆண்டு செப்டம்பரில் இறந்தார்.

இந்தத் தூசி பற்றி ஒரு நல்ல செய்தியும் உண்டு. அதன் வீரியம் வேகமாகக் குறையும். நேரம் ஏழு மடங்கு ஆகும்போது வீரியம் பத்தில் ஒரு பங்காகும். வெடித்து ஒரு மணி நேரத்தில் இருந்த அளவு ஏழு மணி நேரத்தில் பத்தில் ஒன்று, இரண்டு நாளில் நூறில் ஒன்று, இரண்டு வாரத்தில் ஆயிரத்தில் ஒன்று. அதனால்தான் ஓடித் தப்பிப்பதைவிடக் கனமான சுவருள்ள கட்டடத்தின் நடுப்பகுதியிலோ தரைக்குக் கீழோ முதல் ஒன்றிரண்டு நாள் அடைந்து கிடப்பது மேல் என்கிறார்கள். ஆனால் 30 ஆண்டு அரை ஆயுள் (பாதியாகக் குறைய ஆகும் காலம்) கொண்ட சீசியம்-137, அதை ஒட்டிய ஆயுள் கொண்ட ஸ்ட்ரான்சியம்-90 போன்றவை மண்ணிலும் பாலிலும் எலும்பிலும் தங்கும். அவற்றுக்கு இரண்டு வாரம் ஒரு பொருட்டே அல்ல.

உடலுக்குள் என்ன நடக்கிறது என்பது பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி ஹிரோஷிமா, நாகசாகி மக்களிடமிருந்து வந்தது. அங்கு உயிர் தப்பிய சுமார் 94,000 பேரையும், ஒப்பிடுவதற்காகக் குண்டு விழுந்த நேரத்தில் ஊரில் இல்லாத சுமார் 27,000 பேரையும் இன்றுவரை தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். முதல் வாரங்களில் எலும்பு மஜ்ஜையும் குடலும் பழுதாகி, முடி கொட்டி, ரத்தம் கசிந்து இறந்தவர்கள் ஒரு வகை. ஏழெட்டு ஆண்டுகளில் ரத்தப் புற்றுநோய் உச்சத்தைத் தொட்டது. பத்து ஆண்டுக்குப் பிறகு மற்ற புற்றுநோய்கள் கூடத் தொடங்கி, ஆயுள் முழுவதும் அந்தக் கூடுதல் அபாயம் நீடித்தது. தாயின் வயிற்றில் மூன்றாவது நான்காவது மாதத்தில் இருந்த சிசுக்கள் சில சிறிய தலையோடும் மூளை வளர்ச்சிக் குறைவோடும் பிறந்தன. பலர் நம்புவதற்கு மாறாக, தப்பியவர்களுக்குப் பின்னாளில் பிறந்த பிள்ளைகளிடம் பரம்பரைக் கோளாறுகள் கூடியதாக ஆய்வில் தெரியவரவில்லை. இது தெரியாததால் அந்தப் பிள்ளைகளின் திருமணப் பேச்சுகள் முறிந்தன, வேலை மறுக்கப்பட்டது. கதிர்வீச்சு செய்யாத சேதத்தை அதைப் பற்றிய பயம் செய்தது.

மருத்துவர் இல்லாத ஊர்

ஹிரோஷிமாவில் இருந்த மருத்துவர்கள், செவிலியர்களில் 90 சதவீதத்துக்கு மேல் இறந்தார்கள் அல்லது காயமடைந்தார்கள். செஞ்சிலுவைச் சங்கத்தின் மார்செல் ஜுனோ சுமார் 15 டன் மருந்துகளோடு அங்கே போய்ச் சேர்ந்தது செப்டம்பர் 8-இல், ஒரு மாதம் கழித்து. கடுமையான தீக்காயம் பட்ட ஒருவரைப் பிழைக்கவைக்கத் தனிப் படுக்கை, வாரக்கணக்கில் கவனிப்பு, லிட்டர் லிட்டராகத் திரவம், திரும்பத் திரும்ப அறுவை சிகிச்சை எல்லாம் வேண்டும். பணக்கார நாடுகளிலும் இப்படிப்பட்ட படுக்கைகள் சில ஆயிரங்களைத் தாண்டாது. ஒரு நகரில் ஒரே காலையில் பத்தாயிரக்கணக்கானோருக்கு அது தேவைப்பட்டால் எந்த ஏற்பாடும் நிற்காது. அணுவெடிப்புக்குப் பிறகு போதிய உதவி தரும் திறன் எந்த நாட்டுக்கும், எந்தச் சர்வதேச அமைப்புக்கும் இல்லை என்று செஞ்சிலுவைச் சங்கம் வெளிப்படையாகவே சொல்லிவருகிறது. அதாவது, எவ்வளவு பணம் ஒதுக்கினாலும் இந்தச் சேதத்துக்குத் தயாராக இருக்க முடியாது.

ஒரு போரில் பல நகரங்கள் எரிந்தால் அதற்கு அடுத்த கட்டம் வானத்தில் நடக்கும். கரி வானடுக்கில் ஏறிச் சூரிய ஒளியைத் தடுத்து விளைச்சலைக் கெடுக்கும் என்ற 'அணுக் குளிர்காலம்' கருத்தை 1983-இல் கார்ல் சாகன் உள்ளிட்ட ஐந்து விஞ்ஞானிகள் முன்வைத்தார்கள். இது இன்னும் சர்ச்சைக்குரியது என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1991-இல் குவைத் எண்ணெய்க் கிணறுகள் எரிந்தபோது புகை மேலடுக்குக்கு ஏறும் என்ற எச்சரிக்கை பலிக்கவில்லை. மறுபக்கம், 2017-இல் கனடாவின் காட்டுத்தீப் புகை சூரிய வெப்பத்தால் தானே மேலேறி இரண்டு மாதத்தில் 12 கிலோமீட்டரிலிருந்து 23 கிலோமீட்டருக்குப் போனதை அளந்து பார்த்தார்கள். 2022-இல் வெளியான ஒரு மதிப்பீட்டில், 50 லட்சம் டன் கரி மேலே போகும் மிகச் சிறிய அணுப்போரிலும் உலகின் உணவுக் கலோரி உற்பத்தி சில ஆண்டுகளில் 7 சதவீதம் குறையும் என்று வந்தது. அமெரிக்காவும் ரஷ்யாவும் முழு அளவில் மோதினால் 500 கோடிப் பேருக்கு மேல் இறக்கக்கூடும், அதில் மிகப் பெரும்பாலோர் பட்டினியால், போருக்குச் சம்பந்தமே இல்லாத நாடுகளில். எண்கள் எந்தப் பக்கம் மாறினாலும், வெடிப்பில் இறப்பவர்களைவிட உணவில்லாமல் இறப்பவர்கள் பல மடங்கு என்ற வரிசை மாறுவது கடினம்.

மலிவு என்று நம்பிய காலம்

சரி, பணத்துக்கு வருவோம். முதல் குண்டுகளைச் செய்த மன்ஹாட்டன் திட்டத்துக்கு அன்றைய விலையில் சுமார் 200 கோடி டாலர் ஆனது. அதிலும் குண்டை வடிவமைத்த லாஸ் அலமாஸ் ஆய்வகத்தின் பங்கு மிகச் சிறியது. பெரும்பணம் யுரேனியத்தைச் செறிவூட்டிய ஓக் ரிட்ஜுக்கும் புளூட்டோனியம் செய்த ஹான்ஃபோர்டுக்கும் போனது. அறிவுக்கு ஆன செலவு கொஞ்சம், தொழிற்சாலைக்கு ஆனது அதிகம்.

அந்தத் தொழிற்சாலைகளைக் கட்டி முடித்த பிறகு, அடுத்த குண்டு மலிவாகத் தெரிந்தது. 1953-இல் அமெரிக்க அதிபரான ஐசன்ஹோவர் அடிப்படையில் சிக்கனக்காரர். பெரிய தரைப்படையை நிரந்தரமாக வைத்திருந்தால் நாடே கடனில் மூழ்கும் என்று பயந்தார். அதற்குப் பதில் அணு ஆயுதத்தைக் காட்டி எதிரியை நிறுத்தலாம், ஒரு டாலருக்கு அதில்தான் அதிக பலன் என்று அவருடைய அரசு கணக்குப் போட்டது. அவர் பதவியேற்றபோது ஏறக்குறைய ஆயிரமாக இருந்த குண்டுகள் 1960-இல் 18,000-ஐத் தாண்டின. 1967-இல் 31,000-க்கு மேல் போய் உச்சத்தைத் தொட்டன.

தரைப்படைச் செலவு மிச்சமாயிற்றா? இல்லை. எல்லையில் ஒரு சிறு சண்டைக்கு ஒரு நகரத்தை எரிப்பேன் என்று மிரட்டினால் எதிரி நம்பமாட்டான். நம்பாத மிரட்டலால் பயனில்லை. ஆகவே சிறு சண்டைக்குச் சிறு படை, நடுத்தரச் சண்டைக்கு நடுத்தரப் படை என்று எல்லாம் பழையபடி வேண்டியிருந்தது, அணு ஆயுதம் அதற்கு மேல் கூடுதலாக. வியட்நாமில் அமெரிக்காவும் ஆப்கானிஸ்தானில் சோவியத்தும் கையில் ஆயிரக்கணக்கான குண்டுகளை வைத்துக்கொண்டே சாதாரணத் துப்பாக்கிகளிடம் தோற்றன. 1999 கார்கில் போர் இரண்டு பக்கமும் அணுச் சோதனை செய்து ஏறக்குறைய ஓராண்டில் நடந்தது. உலகின் மொத்த ராணுவச் செலவில் 2024-இல் முன்னணியில் இருந்த ஐந்து நாடுகள் அமெரிக்கா, சீனா, ரஷ்யா, ஜெர்மனி, இந்தியா. இவற்றில் நான்கிடம் அணு ஆயுதம் இருக்கிறது. சிக்கனத்துக்கான சான்று இதில் எங்கேயும் தெரியவில்லை.

ஏன் குண்டைச் சுற்றி இவ்வளவு செலவு என்பதற்கு நீர்மூழ்கி நல்ல உதாரணம். எதிரி முதல் அடியில் நம் ஆயுதங்களை அழித்துவிட்டால் மிரட்டல் செத்துவிடும். எனவே கண்டுபிடிக்க முடியாத இடத்தில் ஒன்றாவது எப்போதும் இருக்க வேண்டும். பிரிட்டன் 1969 முதல் ஒரு நீர்மூழ்கியையாவது இடைவிடாமல் கடலுக்கடியில் வைத்திருக்கிறது. ஒன்றை வைத்திருக்க நான்கு வேண்டும்: ஒன்று ரோந்தில், ஒன்று நீண்ட பழுதுபார்ப்பில், மற்ற இரண்டும் பயிற்சியிலோ அடுத்த முறைக்கான ஆயத்தத்திலோ. இப்போது இருப்பவற்றுக்குப் பதிலாக அது கட்டிவரும் நான்கு நீர்மூழ்கிகளுக்கு 3,100 கோடி பவுண்டு, அதற்கு மேல் எதிர்பாராத செலவுக்கென்று 1,000 கோடி பவுண்டு ஒதுக்கியிருக்கிறார்கள். அணு ஆயுதக் கணக்கில் எதிர்பாராத செலவு என்பது எதிர்பார்க்க வேண்டிய செலவு.

அமெரிக்காவின் புதிய தரை ஏவுகணையான சென்டினல் திட்டம் இதற்குப் புதிய சாட்சி. 7,770 கோடி டாலர் என்று மதிப்பிட்டது 2024-இல் 14,000 கோடியைத் தாண்டியது. ஏறியது ஏவுகணையின் விலை அல்ல. நிலத்தடி ஏவுதளங்கள், கட்டுப்பாட்டு மையங்கள், அவற்றை இணைக்கும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கேபிள் ஆகியவற்றால்தான் பெரும்பாலும் ஏறியது. 2025 முதல் 2034 வரையிலான பத்து ஆண்டுகளில் அமெரிக்க அணு ஆயுதப் படைகளுக்கு மட்டும் 94,600 கோடி டாலர் ஆகும் என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் கணித்திருக்கிறது.

இந்தச் செலவுகளைப் பாதுகாப்பு பட்ஜெட்டில் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். அமெரிக்காவில் ஏவுகணையும் நீர்மூழ்கியும் பாதுகாப்புத் துறையின் கணக்கு; அதில் பொருத்தும் குண்டு எரிசக்தித் துறையின் கணக்கு; பழைய ஆலைகளைச் சுத்தம் செய்வதும் எரிசக்தித் துறையில் வேறொரு தலைப்பில்; சோதனைகளாலும் யுரேனியச் சுரங்கங்களாலும் நோயுற்றவர்களுக்கான இழப்பீடு நீதித் துறையில். ஹான்ஃபோர்டில் 177 நிலத்தடித் தொட்டிகளில் சுமார் 21 கோடி லிட்டர் கதிரியக்கக் கழிவு கிடக்கிறது. சில தொட்டிகள் கசிந்திருக்கின்றன. அங்கே கடைசிப் புளூட்டோனியம் செய்து பல பத்தாண்டு ஆகிறது, சுத்தம் செய்யும் வேலை இன்னும் பல பத்தாண்டு நீளும். சோவியத் யூனியன் 456 சோதனைகள் நடத்திய கஜகஸ்தானின் செமிபலாட்டின்ஸ்க் விஷயத்தில், குண்டு செய்த அரசே இல்லாமல் போய்விட்டது. பொறுப்பும் கழிவும் நோயாளிகளும் புது நாட்டின் தலையில் விழுந்தன.

காப்பீடு என்று சொல்கிறார்கள்

2024-இல் உலகம் ராணுவத்துக்குச் செலவழித்தது 2.7 லட்சம் கோடி டாலர் என்கிறது ஸ்டாக்ஹோமில் உள்ள சிப்ரி ஆய்வு நிறுவனம். உலகின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதம். இதில் ஒன்பது நாடுகளின் அணு ஆயுதச் செலவு சுமார் 10,000 கோடி டாலர் என்று ஆயுத ஒழிப்பு அமைப்பான ஐகேன் கணக்கிட்டிருக்கிறது. பெரியம்மையை உலகத்திலிருந்தே ஒழிக்க 1967-க்குப் பிறகு ஆன மொத்தச் செலவு அன்றைய விலையில் 30 கோடி டாலர் அளவுதான்.

இந்த மாதிரி ஒப்பீடு எளிது, ஓரளவுக்கு மேல் அதை நம்பக் கூடாது என்பது என் கருத்து. நீர்மூழ்கியைக் கட்டாவிட்டால் அந்தப் பணம் தானாக மருத்துவமனைக்குப் போய்விடாது. ஒரு நாடு தன்னைக் காத்துக்கொள்ளச் செலவழிப்பதில் தவறும் இல்லை. கேட்க வேண்டியது, இந்தச் செலவு உண்மையில் காக்கிறதா என்பது. 1945-க்குப் பிறகு வல்லரசுகள் நேருக்கு நேர் மோதவில்லை, அதற்கு அணு ஆயுத பயமே காரணம் என்று ஆதரவாளர்கள் சொல்கிறார்கள். முற்றிலும் ஒதுக்க முடியாத வாதம். 1994-இல் உறுதிமொழிகளை நம்பித் தன் மண்ணில் இருந்த சோவியத் குண்டுகளை ரஷ்யாவிடம் ஒப்படைத்த உக்ரைனைக் காட்டி இதையே இன்னும் அழுத்திச் சொல்கிறார்கள். (அந்தக் குண்டுகளை ஏவும் அதிகாரம் உக்ரைன் கையில் இருந்ததே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்வது நியாயம்.)

அணு ஆயுதம் ஒரு காப்பீடு என்று அரசுகள் சொல்வது இந்த அர்த்தத்தில்தான். வீட்டுக்குக் காப்பீடு எடுத்தால், வீடு எரிந்த பிறகு பணம் வரும். இதில் அந்த வேளை வந்தால் எதுவும் வராது. தவணை கட்டியவனும் வீட்டோடு போவான். தவிர, காப்பீடு எடுத்ததால் வீட்டில் தீப்பிடிக்கும் வாய்ப்பு கூடுவதில்லை. இங்கே கூடுகிறது. 1961 ஜனவரியில் வட கரோலினாவின் கோல்ட்ஸ்பரோவில் ஒரு அமெரிக்கப் போர் விமானம் நடுவானில் உடைந்து இரண்டு ஹைட்ரஜன் குண்டுகள் சொந்த நாட்டு மண்ணிலேயே விழுந்தன. 1983 செப்டம்பர் 26-இல் சோவியத் செயற்கைக்கோள்கள், மேகத்தில் பட்ட சூரிய ஒளியை ஏவுகணை என்று எண்ணி, ஐந்து அமெரிக்க ஏவுகணைகள் வருவதாக அறிவித்தன. பணியில் இருந்த சோவியத் அதிகாரி ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ் அதை நம்பவில்லை. உண்மையான தாக்குதல் என்றால் ஐந்தோடு நிற்குமா என்று யோசித்துப் பிழை எச்சரிக்கை என மேலே சொன்னார். இத்தனை கோடி செலவழித்து அமைத்த எச்சரிக்கை அமைப்பு அன்று தவறியது. சம்பளத்துக்கு வேலை பார்த்த ஒருவரின் சந்தேகம்தான் சரியாக இருந்தது. 2025 தொடக்கத்தில் உலகில் 12,200-க்கு மேற்பட்ட அணு ஆயுதங்கள் இருந்தன. அவற்றில் சுமார் 2,100 சில நிமிடங்களில் ஏவத் தயாரான நிலையில்.

எண்ணிக்கை 1986-இல் 70,000 வரை போய், அங்கிருந்து குறைந்ததுதான் இது. குறைப்பதும் இலவசமல்ல, ஆனால் ஒப்பிட்டால் சொற்பம். 1993-இல் அமெரிக்காவும் ரஷ்யாவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி ஏறக்குறைய 20,000 ரஷ்யக் குண்டுகளுக்கு நிகரான 500 டன் உயர்செறிவு யுரேனியம் செறிவு குறைக்கப்பட்டு, அமெரிக்க அணு மின்நிலையங்களில் எரிபொருளாக எரிந்தது. 2013 வரை ஓடிய இந்த ஏற்பாடு, அந்த இருபது ஆண்டுகளில் அமெரிக்க மின்சாரத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கைத் தந்தது. யுரேனியத்தை இப்படிச் செறிவு குறைத்துவிடலாம். புளூட்டோனியத்தை முடியாது. ஆளுக்கு 34 டன் புளூட்டோனியத்தை அழிப்போம் என்று இரண்டு நாடுகளும் 2000-இல் ஒப்புக்கொண்டன. அமெரிக்கா அதற்கென்று தென் கரோலினாவில் ஒரு ஆலை கட்டத் தொடங்கியது. மதிப்பீடு மேலே மேலே போய், பல நூறு கோடி டாலர் செலவான பிறகு, 2018-இல் பாதியில் கைவிட்டது. ரஷ்யா அதற்கு முன்பே, 2016-இல், ஒப்பந்தத்தை நிறுத்திவைத்துவிட்டது. அதன் பிறகு 2025 வரை அமெரிக்காவின் திட்டம், அந்தப் புளூட்டோனியத்தைப் பிரித்தெடுக்க முடியாதபடி வேறு பொருளோடு கலந்து நியூ மெக்சிகோவின் உப்புப் பாறைக்குள் புதைப்பதாக இருந்தது. புளூட்டோனியத்தின் அரை ஆயுள் 24,000 ஆண்டு. அதை என்ன செய்தாலும் அந்தச் செலவு இனி வரும் பட்ஜெட்டுகளில், அதுவும் எரிசக்தித் துறையின் தலைப்பில்தான் வரும்.